கிணற்றுச்சாமியின் சம்சாரம்

நான் இந்தத் தோட்டத்துக்குச் சின்னக் கிராணியாக, ஆபீஸ் கணக்கு எழுதுகிறவனாக, வந்து சேர்ந்தபோது அவர் மனிதராகத்தான் இருந்தார். இதை முதலில் எழுதிவிட வேண்டும். இன்றைக்கும் இங்கே இப்படிச் சொன்னால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். "ஆமாங்க, மனுசராத்தானே வந்தாரு" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். என்னுடைய குழப்பமெல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

மலாயாவில், லாயாங் லாயாங் என்ற ஸ்டேஷனில் இறங்கி மாட்டுவண்டி பிடித்தால், வெயில் உறைப்பதற்குள் வந்து சேர்ந்துவிடக்கூடிய ரப்பர் தோட்டம் இது. ஜொகூர்பாருவில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தை முடித்த கையோடு வேலைக்கு வந்திருந்தேன். சென்னையிலிருந்து தபாலில் வரும் பத்திரிகைகளை விளம்பரம் உட்பட ஒரு வரி விடாமல் படிப்பேன். படித்ததையெல்லாம் அன்றைக்கே யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கடவுள் எப்படி வந்தார், சாதி எப்படி வந்தது என்று, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் பேசிக்கொண்டே திரிந்த காலம்.

அவர் மண்வேலைக்காரர். தோட்டத்து வடிகால் கான்களை வெட்டுவதும், பாதை போடுவதும், இடிந்த கரையைக் கட்டுவதும் அவர் வேலை. ஆள் நல்ல உயரம். கள்ளுக்கடையில் அவர் சிரித்தால் ஆபீசில் உட்கார்ந்திருக்கும் எனக்குக் கேட்கும். நான் புதிதாகக் காலில் மாட்டிக்கொண்டு வந்த தோல் சப்பாத்தைப் பார்த்து, "என்னங்க கிராணியாரே, அட்டைப்பூச்சிக்கு வீடு கட்டிக் குடுத்திருக்கீங்களா?" என்று கேட்டு, விடியற்காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நின்ற அத்தனை பேரையும் சிரிக்க வைத்தவர். அவருடைய மனைவி ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிறவள். சின்ன உருவம், பெரிய வாய். இருவரும் சண்டை போட்டால், ஆட்கள் குடியிருந்த வீட்டு வரிசை, அந்த லயமே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கும். ஒருமுறை அவள் பால் வாளியாலேயே அவர் முதுகில் போட்டதை நானே பார்த்திருக்கிறேன். மறுநாள் இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷம் லயத்துக் கிணற்றில் தண்ணீர் மஞ்சளாக ஊறியது. காய்ச்சல் வந்தது. சில குழந்தைகள் போய்விட்டன. சரிவில் புதுக் கிணறு தோண்டும்படி துரை உத்தரவு போட்டார். இறங்கித் தோண்டியவர் அவர். தண்ணீர் கசியத் தொடங்கிய அன்று நான் விளிம்பில்தான் நின்றிருந்தேன். உள்ளிருந்து "கயிறு! கயித்த விடுங்கடா!" என்று அவர் கத்தியது என் காதில் விழுந்தது. அடுத்து, மண் சரிந்த சத்தம். அது பெரிய சத்தம்கூட இல்லை. மூட்டை ஒன்றை இறக்கி வைத்தது போலத்தான் இருந்தது.

தோண்டத் தோண்டக் கரை சரிந்துகொண்டே வந்தது. இன்னும் நாலு உயிர் போய்விடும் என்று சொல்லி, துரை குழியை மூடச் சொல்லிவிட்டார். உடம்பு கிடைக்கவில்லை. உடம்பு இல்லாமல் எப்படிக் கருமாதி செய்வது என்று பெரியவர்கள் தயங்கினார்கள். கருமாதி இல்லாததால் அந்தப் பெண்ணுக்குத் தாலி அறுக்கும் சடங்கும் நடக்கவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள்.

பார்த்துக்கொள்ள நேரமில்லாமல் போய்விட்டது. மூடிய குழிக்குக் கீழே, சரிவு முடிகிற இடத்தில், சில நாள் கழித்து ஓர் ஊற்று கிளம்பியது. கண்ணாடி மாதிரித் தண்ணீர். எல்லோரும் அதைத்தான் குடித்தார்கள். காய்ச்சலும் தணிந்தது.

நான் சும்மா இருப்பேனா? நிலத்தடி நீர் எப்படி வழி மாறும் என்பதை மண்ணில் படம் போட்டு விளக்கினேன். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் அந்த மாதம்தான் கான்களில் எண்ணெய் ஊற்ற ஆரம்பித்திருந்தார். கொசு செத்தது, காய்ச்சல் குறைந்தது என்றும் விளக்கினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். எல்லாம் கேட்டு முடித்ததும், ஆட்களை வேலை வாங்கும் கங்காணியார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார்:

"எண்ணெய ஊத்தணும்னு டிரெசருக்குப் புத்தி குடுத்தது யாரு தம்பி?"

முதலில் குழி இருந்த இடத்தில் யாரோ ஒரு சுருட்டை வைத்தார்கள். பிறகு ஒரு கல் வந்தது. கல்லுக்கு மஞ்சள் வந்தது. கம்பம் என்கிற பக்கத்துக் கிராமத்திலிருந்து வரும் மலாய்க்காரர் ஒருவர் அதைக் கடக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். கடைக்காரச் சீனர் இரண்டு ஊதுபத்தி செருகிவிட்டுப் போனார். எனக்கோ உள்ளுக்குள் ஒரே துள்ளல். ஒரு தெய்வம் பிறப்பதற்குப் பல நூறு வருஷம் ஆகும் என்றல்லவா நான் எண்ணிக்கொண்டிருந்தேன்! என் கண்ணெதிரே, மழைக்காலத்துக் காளான் மாதிரி, அது முளைத்துக்கொண்டிருந்தது.

கதையும் வளர்ந்தது. அன்று காலை அவர் குளித்து, திருநீறு பூசி, "நான் போறேன், தண்ணி வரும்" என்று சொல்லிவிட்டு இறங்கினாராம். நான் விளிம்பில் நின்றவன். அவர் கேட்டது கயிறு. இதைச் சொன்னேன். "கயிறு கேட்டாருங்க, சரி. கயிறு எதுக்குக் கேட்டாரு? மேல ஏறவா? நம்ம எல்லாரையும் ஒண்ணாக் கட்டி வைக்கத்தான்" என்றாள் ஒருத்தி. வெளித் தோட்டத்து ஆட்கள் வந்தால், "கிராணியாரும் அங்கதான் நின்னாரு, அவரயே கேளுங்க" என்று என்னைக் காட்டினார்கள். திரும்பத் திரும்பக் கேட்டுக் கேட்டு, திருநீறு பூசிய நெற்றியோடு அவர் குழிக்குள் கால் வைப்பது எனக்கே தெரிகிற மாதிரி ஆகிவிட்டது. அவர் நெற்றியில் அன்று திருநீறு இருந்ததா, இல்லையா? சத்தியமாக இன்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கல்லைச் சுற்றிக் கூட்டம் கூடியிருந்தபோது, நான் ஒரு பெட்டிமேல் ஏறிப் பேசினேன். நீங்கள் கும்பிடுகிற காவல் தெய்வங்கள் எல்லாம் ஒரு காலத்தில் ஆண்களும் பெண்களுமாக நடமாடியவர்கள்தான் என்றேன். ஊருக்காகக் களவைத் தடுக்கப் போய் வெட்டுப்பட்டவன் சாமியானான். தீயில் விழுந்த பெண் அம்மனானாள். போரில் செத்த வீரனுக்கு நட்ட கல்லே கோயிலானது. ராஜாக்களாக இருந்தவர்களே நாளடைவில் அவதாரமானார்கள் என்று மூச்சுவிடாமல் அடுக்கினேன். சாமி என்பது மனிதனை மறந்துபோன ஞாபகம்தான் என்று முடித்தபோது என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. இனி கல்லைப் பெயர்த்து எறிந்துவிடுவார்கள் என்றே நினைத்தேன்.

கங்காணியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேட்டீங்களாடா? அத்தன சாமியும் மனுசனா இருந்து வந்ததுதானாம். படிச்சவரு சொல்றாரு. அப்ப நம்ம ஆளு மட்டும் ஏன் ஆகக் கூடாது?" என்றார். அடுத்த ஞாயிறு கல்லுக்கு மேல் கூரை வந்துவிட்டது.

இதில் ஒரே ஒருத்தி மட்டும் மகிழ்ச்சியாக இல்லை. அவருடைய மனைவி. ஞாயிறு தோறும் அவளைக் குளிக்கவைத்து, பூ வைத்து, கல்லுக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்காரவைத்தார்கள். வெளித் தோட்டத்துப் பெண்கள் அவள் காலைத் தொட்டார்கள். ஒரு நாள் மாலை, கொட்டகையில் ரப்பர் பால் ஊற்றிவிட்டு, வாளிகளோடு நேரே ஆபீஸ் வாசலுக்கு வந்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கணும். எம் புருசன் சாமியா, மனுசனா?"

"மனுசன்தாம்மா" என்றேன், ஒரு கணமும் யோசிக்காமல்.

"அப்பாடா. அதயே கங்காணி மாமாகிட்ட வந்து சொல்லுங்க."

பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். ரப்பர் ஷீட்டுகளை ஸ்டேஷனுக்கு ஏற்றிப்போகும் வண்டிக்காரருக்கு லாபிஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது. மாதக் கடைசியில் போகிறார். அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டிருக்கிறார். அவளுக்கும் இஷ்டம். அவர்கள் ஆட்களில் புருஷன் செத்தால் தாலி அறுத்து இன்னொருவரைக் கட்டிக்கொள்வது வழக்கம்தான். யாரும் முகம் சுளிப்பதில்லை.

"எங்கால வந்து தொடுறாங்கய்யா. மண்ணு கூடக் கழுவியிருக்க மாட்டேன். எனக்கு என்ன வயசாச்சு, இப்பவே எனக்கு மாலையா? நான் சோறாக்கணும், புள்ள பெக்கணும், யாரயாச்சும் திட்டணும். கல்லுகிட்ட எப்படிய்யா சண்ட போடுறது?"

கங்காணியார் வீட்டுக்குப் போனோம். அவர் நான் எதிர்பார்த்த மாதிரி மீசையை முறுக்கவில்லை. உட்காரச் சொன்னார். காப்பி கொடுத்தார்.

"மத்தவளா இருந்தா நானே முன்ன நின்னு கட்டி வெப்பேன். ஆனா இவ புருசன் எங்க தம்பி செத்தாரு? உடம்பு வந்துச்சா? கருமாதி பண்ணமா? தண்ணியா வந்து நிக்கிறாரு. புருசன் இருக்கயில இன்னொருத்தனுக்கு எப்படிக் கட்டி வெக்கிறது?"

"அவர் செத்துவிட்டார்" என்றேன். "வேண்டுமானால் தோண்டிப் பார்த்துவிடலாம்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவள் சட்டென்று எழுந்துவிட்டாள். "வேணாங்கய்யா. அவரத் தோண்டாதீங்க" என்றாள். உள்ளே அடுப்படியில் நின்ற கங்காணியாரின் மருமகள் இடுப்பில் குழந்தையோடு வெளியே வந்தாள். போன காய்ச்சலில் மூத்த பிள்ளையைப் பறிகொடுத்தவள். "அக்கா, நீ போனா தண்ணி நின்னுடும்க்கா. உன்னத் தேடி அவரும் போயிடுவாரு. எனக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்" என்றாள். மிரட்டவில்லை, கெஞ்சினாள். நிலத்தடி நீரைப் பற்றி மறுபடி ஒரு படம் போட எனக்குக் கை வரவில்லை. யார் பக்கம் நான் பேச வந்தேன் என்பதே ஒரு நிமிஷம் மறந்துபோயிற்று.

திரும்பி வரும் வழியில் அவள் எனக்கு முன்னால் நடந்தாள். லயத்து முனைக்கு வந்ததும் நின்றாள்.

"சாகலன்னு சொல்றாங்கல்ல?"

"ஆமாம்."

"அப்ப அவரு இன்னும் எம் புருசன்தான?"

"அவர்கள் கணக்குப்படி அப்படித்தான்."

"சரி. அப்ப எம் புருசன்கிட்டயே பேசிக்கிறேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. என்னுடைய தர்க்கம் தோற்றுப்போய்விட்டது, இவளும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று வருத்தத்தோடு படுத்தேன்.

அந்த மாதம் கல்லுக்குப் பெரிய படையல். காலை வெயிலில் பொங்கல் பொங்கி, பறை அடிக்க, செத்தவருடைய பெரியப்பா மகன் சாமியாடினார். சாதாரண நாளில் இவர் குரல் மெலிசு. பெரட்டில் பேர் கூப்பிட்டால் 'இருக்கேன்' என்பது பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடக் கேட்காது. ஆட்டம் ஏறியதும் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து குறி கேட்டார்கள். அப்போது அவள் பலகையிலிருந்து எழுந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, சாமியாடியின் எதிரே போய் நின்றாள்.

"ஏய்யா, நான் வந்திருக்கேன். பேசணும்."

பறை நின்றுவிட்டது.

"ஊருக்கெல்லாம் தண்ணி குடுக்குற. ரொம்பச் சந்தோசம். எனக்கு என்ன குடுத்த? ஒரு வாய்ச் சோறு கொண்டாந்து போட்டியா? காய்ச்சல்ல கெடந்தேனே, வந்து பாத்தியா? என்னத் தீத்து விட்டுடு. எல்லாருக்கும் முன்னால துரும்பு கிள்ளிக் குடுத்துடு. நான் போறேன்."

புருஷனும் மனைவியும் பிரிவதானால், பெரியவர்கள் முன்னால் புருஷன் ஒரு துரும்பைக் கிள்ளி அவள் கையில் கொடுப்பான். அதோடு இருவருக்கும் கட்டு விட்டது. யாரும் யாரையும் தடுக்க முடியாது. அவர்கள் ஆட்களுக்கு இது தலைமுறை வழக்கம். ஆனால் அதை உயிரோடு இருக்கும் புருஷன்தான் கொடுக்க முடியும். அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொன்னவர்களோ அவர்களேதான்!

சாமியாடி கண்ணை மூடியபடி அசைந்துகொண்டிருந்தார். கடைசியில், "போகக் கூடாது" என்று உறுமினார்.

"சரி, போகல" என்றாள் அவள். "அப்ப நீ வீட்டுக்கு வா. கூரை ஒழுகுது, வந்து கட்டு. வெறகு பொள. ராத்திரி உனக்கும் சேத்துச் சோறாக்குறேன். வருவியா, மாட்டியா? ஒண்ணு சொல்லு."

பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். உடனே சாமியாடியும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் எப்படி எழுதுவேன்? மெலிந்த குரல்காரரின் சிரிப்பு அல்ல அது. ஆபீஸ் வரைக்கும் கேட்கும் சிரிப்பு. செத்தவரின் சிரிப்பேதான். கூடவே ஆடிப் பாடித் திரிந்த பங்காளிக்கு அவர் மாதிரிச் சிரிக்கத் தெரியாதா என்ன என்று மனசு உடனே பதில் சொல்லிற்று. அந்தப் பதிலை நானே நம்பினேனா என்றுதான் தெரியவில்லை.

சாமியாடி குனிந்தார். ரப்பர் தோட்டத்தில் துரும்பு கிள்ள வைக்கோலுக்கு எங்கே போவது? காலடியில் வளர்ந்திருந்த லாலான் புல்லில் ஒரு தாளைப் பிடுங்கி, இரண்டாகக் கிள்ளி, ஒரு பாதியை அவள் கையில் வைத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு, முதல்முறையாக, ஓவென்று அழுதாள். தாலியைத் தானே கழற்றிக் கல்லின் காலடியில் வைத்தாள். கங்காணியாரின் மருமகள் ஊற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

மாதக் கடைசியில் வண்டிக்காரரும் அவளும் புறப்பட்டபோது, தபால் எடுக்கிற சாக்கில் நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். ரயில் வருவதற்குள் கேட்டுவிட்டேன்: "நிஜமாகச் சொல்லு. அங்கே பேசியது அவரா, அந்தப் பெரியப்பா மகனா?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "அவரா இருந்தா குடுத்துட்டாரு. இவரா இருந்தா இவரு குடுத்துட்டாரு. எங்கையில புல்லு இருக்குதுல்ல?" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, "நல்ல மனுசன்ய்யா அவரு" என்றாள். ரயில் வந்துவிட்டது. எவரைச் சொன்னாள் என்று கேட்க முடியவில்லை.

அதன்பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்து ஆட்களில் முக்கால்வாசிப் பேரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். கங்காணியார் போனார், அவர் மருமகள் போனாள், சாமியாடியும் போனார். லயங்களில் கோழி மேய்ந்தது. நிலைமை தெளிந்து புது ஆட்கள் வந்தபோது, பழைய ஆட்களில் ஆபீசில் நான் ஒருவன்தான் மிச்சம். கல்லும் கூரையும் அப்படியே இருந்தன. ஊற்றும் இருந்தது.

புது ஆட்கள் எங்கிருந்து கதையைப் பிடித்தார்கள் என்று தெரியாது. திடீரென்று ஒரு நாள் பெரிய கல்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கல் நின்றது. சிவப்புத் துணி கட்டியிருந்தது. விசாரித்தேன். "சாமியோட சம்சாரங்க. புருசன் போனதும் தாலியக் கழட்டி வெச்சுட்டு அதே கெணத்துல குதிச்சவங்க. அவரு உள்ளேருந்து கைய நீட்டி வாங்கிக்கிட்டாராம்" என்றார்கள். புருஷனோடு பிரியாமல் வாழ வேண்டும் என்று பெண்கள் அந்தச் சின்னக் கல்லில் வேண்டிக்கொள்கிறார்களாம்.

என்னால் அதை வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அடுத்த விடுமுறையில் லாபிசுக்கு ரயிலேறிவிட்டேன். அவள் இருந்த தோட்டத்து லயத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. சத்தத்தை வைத்தே போய்விட்டேன். வண்டிக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, காலடியில் ஒன்று. என்னைப் பார்த்ததும் பலகை எடுத்துப் போட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நான் கெணத்துல குதிச்சேனா!" என்று அவள் சிரித்த சிரிப்பில் இடுப்புக் குழந்தை மிரண்டு அழுதது. அதைத் தட்டிக்கொடுத்தபடி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பை நிறுத்தினாள்.

"வேண்டிக்கிறவங்களுக்கு நடக்குதாமா?"

"நடக்கிறது என்றுதான் சொல்கிறார்கள்."

அவள் குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீ உயிரோடு இருக்கிறாய் என்று நான் போய்ச் சொல்லிவிடுகிறேன்" என்றேன். "பத்திரிகைக்கே எழுதுகிறேன். ஒரு பொய் எப்படி வளர்கிறது என்று ஊருக்குத் தெரியட்டும்."

"ஐயய்யோ, சாமி!" என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். "உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சா விடுவாங்களா? வண்டி கட்டிக்கிட்டு வந்து கால்ல விழுவாங்க. மறுபடி பலகயப் போட்டு உக்கார வெப்பாங்க. அவ அங்க செத்தே கெடக்கட்டும்ய்யா. அவ செத்தாத்தான் நான் இங்க இருக்க முடியும்." கொஞ்சம் தயங்கி, "நடக்குதுன்னு வேற சொல்றீங்க" என்றாள்.

வண்டிக்காரர் தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "திட்டாதன்னு நானும் இவகிட்ட வேண்டிக்கிறேன், எனக்குத்தான் நடக்கல" என்றார். அதற்கும் ஒரு திட்டு வாங்கினார்.

நான் எழுத நினைத்த கட்டுரையை எழுதவில்லை. எழுதினால் எதை எழுதுவது? மனிதர்கள்தான் சாமியாகிறார்கள் என்று நான் அன்று பெட்டிமேல் ஏறிச் சொன்னது சரிதான், கண்ணால் பார்த்துவிட்டேன். சரியாகிப்போனதில் எனக்கு ஏன் துளியும் சந்தோஷமில்லை? செத்தவர் ஒருவர் சாமியானதுகூடப் பரவாயில்லை. உயிரோடு, லாபிசில் மீன் கழுவிக்கொண்டிருக்கிற ஒருத்தி இங்கே எப்படிச் சாமியாவாள்? அந்தச் சாமிக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தமே இல்லை என்றால், வேண்டியது எப்படி நடக்கிறது? நடக்கவில்லை என்றால் ஏன் வருகிறார்கள்? இப்படியே போகிறது, முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆபீசைப் பூட்டிக்கொண்டு சரிவு வழியாக இறங்கினேன். சின்னக் கல்லுக்கு எதிரே ஓர் இளம்பெண் நின்றிருந்தாள். குளுவாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவளாம். கன்னத்தில் யாரோ அறைந்த தடம் கன்றியிருந்தது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் என்னைக் காட்டியதும் ஓடி வந்தாள்.

"ஐயா, இந்தம்மாவ நீங்க நேர்ல பாத்திருக்கீங்களாமே? அவங்ககிட்ட என்ன வேணா கேக்கலாமா? பிரியாம இருக்கணும்னுதான் கேக்கணுமா?"

சாமியின் சம்சாரம் செத்துவிட்டாள் என்றும் சொல்ல வாய் வரவில்லை, சாகவில்லை என்றும் வரவில்லை.

"என்ன வேணும்னாலும் கேளும்மா. அவங்க மனசுக்குள்ள கேட்டவங்க இல்லை. நாலு பேர் முன்னால வாயைத் திறந்து கேட்டு, வேண்டியதை வாங்கிக்கிட்டுப் போனவங்க" என்றேன்.

அவள் அதை ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு கல்லைப் பார்க்காமல், ஊற்றங்கரையில் குடம் வைத்துக்கொண்டு நின்ற பெண்களின் பக்கம் திரும்பி, முந்தானையை இடுப்பில் செருகி, உரக்கப் பேசத் தொடங்கினாள்.